ஆழியனின் கூட்டில் ஒரு சுள்ளி

ஆள் இல்லாத வீடு. ஆண்டுக்கு ஆண்டு வளரும் வீடு. அதில் யாரும் குடியேறக் கூடாது. அதை யாரும் பிரிக்கவும் கூடாது. அது என்ன?

கறையான் புற்று என்கிறீர்களா? இல்லை. அதில் பாம்பு யாரையும் கேட்காமல் குடியேறிவிடும். பாழடைந்த கோவிலா? அதுவும் இல்லை. அங்கே வௌவால்கள் இருக்கும்.

விடையை நானே சொல்லிவிடுகிறேன். அது தாழைமடு ஏரியின் நடுவில், பெரிய நீர்க்கடம்பு மரத்தின் மேல் இருந்த கூடு. ஒன்றல்ல, ஏழு கூடுகள். அவை சண்டையில் இறந்தவர்களின் கூடுகள்.

அந்தச் சண்டை நடந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சண்டை நடந்த ஆண்டு ஐப்பசி மழை பொய்த்தது. கார்த்திகையும் பொய்த்தது. ஏரி வற்றி ஒரு குட்டையாகச் சுருங்கியது. ஏரியில் இரண்டு கூட்டங்கள் வாழ்ந்தன. ஒன்று நீர்க்காகங்கள், அவை நீரில் மூழ்கி மீன் பிடிக்கும். மற்றொன்று நத்தைகுத்தி நாரைகள். அவை சேற்றில் நடந்து நத்தை தேடும். ஒருவர் உணவை மற்றவர் தொடுவதில்லை. ஆனாலும் சண்டை வந்தது.

"நாரைகள் காலால் சேற்றைக் கலக்குகின்றன. கலங்கிய நீரில் எங்களுக்கு மீன் எப்படித் தெரியும்?" என்றன நீர்க்காகங்கள்.

"நீங்கள் தடால் தடால் என்று குதித்தால் இருக்கிற நீரும் தெறித்துப் போகிறதே!" என்றன நாரைகள்.

பேச்சு முற்றி அலகு மோதியது. பன்னிரண்டு நாள் சண்டை. பன்னிரண்டாம் நாள், மார்கழி முழுநிலவுக்கு மறுநாள் காலையில், மழை கொட்டியது. ஏரி நிறையத் தொடங்கியது. சண்டைக்குக் காரணமே இல்லாமல் போயிற்று.

இரு கூட்டத்தின் தலைவர்களும் கரையில் சந்தித்துப் பேசினார்கள். நீர்க்காகத் தலைவர் பெயர் கருங்கழுத்தர். நாரைத் தலைவர் பெயர் நெடுங்காலர். சண்டை முடிந்தது என்பதில் இருவருக்கும் சம்மதம். யார் முதலில் பின்வாங்குவது என்பதில்தான் சம்மதம் இல்லை.

"நீங்கள் முதலில் போங்கள்."

"அது எப்படி? நீங்கள் போங்கள்!"

இப்படியே அரை நாள் போயிற்று. நடு ஏரி மரத்துக்குச் சேதி சொல்ல யாரையும் அனுப்பவில்லை. அங்கே இருந்தவர்கள் சண்டை முடிந்தது தெரியாமல் மழையிலேயே மோதிக்கொண்டிருந்தார்கள். அந்த அரை நாளில் ஏழு பேர் இறந்தார்கள். நீர்க்காகங்கள் நான்கு, நாரைகள் மூன்று. நான்கில் ஒருவன் ஆழியன். அவன் கருங்கழுத்தரின் தம்பி. அவன் இறந்தபோது அவன் கூட்டில் ஒரு முட்டை இருந்தது.

அந்த முட்டையிலிருந்து வந்தவள்தான் மரகதம். கண் இரண்டும் பச்சைப்பசேல் என்று இருந்ததால் அவள் அம்மா மையாள் அப்படிப் பெயர் வைத்தாள்.

பறவைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆள் இல்லாத கூட்டைக் கண்டால் அதிலிருந்து சுள்ளியை உருவித் தங்கள் கூட்டுக்குக் கொண்டுபோய்விடும். ஆனால் அந்த ஏழு கூட்டிலிருந்து யாரும் ஒரு சுள்ளியும் எடுக்கக் கூடாது என்று இரண்டு தலைவர்களும் சட்டம் போட்டார்கள். எடுத்தால் ஏரியை விட்டே போக வேண்டும். ஆண்டுதோறும் மழை வந்த அந்த நாளில் இறந்தவரின் வீட்டார் அந்தக் கூட்டில் ஒரு சுள்ளி வைத்து, இறந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். ஏழு பெயரும் சொல்லி முடியும்வரை ஏரியில் எந்தப் பறவையும் அலகைத் திறக்கக் கூடாது.

நல்ல சட்டம்தான். முதல் ஆண்டு எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஏழு கூடு, ஏழு சுள்ளி, ஏழு பெயர்.

அடுத்த ஆண்டு ஓர் உடும்பு வாயைத் திறந்தது.

அதன் பெயர் பொறையன். நன்றாக நீந்தும், மரமும் ஏறும். கீழ்க்கிளையில் வயிற்றை அப்பிக்கொண்டு படுத்திருக்கும். "நான் யார் கூட்டிலும் புகமாட்டேன். தானாக விழுந்ததைத்தான் தின்பேன்" என்று சத்தியம் செய்திருந்தது. அதனால் பறவைகள் அதை விட்டுவைத்திருந்தன.

"கருங்கழுத்தரே, ஒரு விஷயம். சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது" என்றது பொறையன். "நாரைகளின் கூடுகள் உங்கள் கூடுகளைவிட ஒரு சாண் உயரமாகத் தெரிகின்றன. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நாரைகள்தான் தங்கள் ஆட்களை மறக்கவில்லை என்று நினைப்பார்கள்."

அன்றே கருங்கழுத்தர் நான்கு கூட்டிலும் பத்துப் பத்துச் சுள்ளி வைக்கச் சொன்னார்.

மறுநாள் பொறையன் நெடுங்காலரிடம் போயிற்று. "நெடுங்காலரே, கோபித்துக்கொள்ளக் கூடாது..."

மூன்றாம் ஆண்டு வந்தபோது சுள்ளியை எண்ணுவதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். கருவேலங்கொப்பு, மூங்கில் துண்டு, காய்ந்த தாழை என்று கண்ணில் பட்டதை எல்லாம் கொண்டுவந்து ஏற்றினார்கள். ஏழு கூடுகளும் வைக்கோல் போர்போல உயர்ந்தன. மேல்கிளைகளில் உயிரோடு இருப்பவர்கள் கூடு கட்ட இடமில்லை. அவர்கள் கீழ்க்கிளைகளுக்கு இறங்கினார்கள்.

ஆழியனின் கூட்டுக்கு நேர் கீழே வெள்ளையம்மாள் என்ற நாரை கூடு கட்டியிருந்தாள். அவளுக்கு மூன்று குஞ்சுகள். இன்னும் இறகு முளைக்காத குஞ்சுகள்.

நினைவு நாளுக்கு முந்தின நாள் பிற்பகல், வெள்ளையம்மாள் நீர்க்காகங்களின் கரைக்கு வந்தாள். மரகதம் அப்போது அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு சுள்ளியை அலகில் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். இந்த ஆண்டு முதல் முறையாக அவள்தான் அப்பாவின் கூட்டில் சுள்ளி வைக்கப்போகிறாள்.

"ஐயா, மேல்கிளை விரிசல் விட்டிருக்கிறது" என்றாள் வெள்ளையம்மாள். "காற்று அடித்தால் முனகுகிறது. ஆழியன் கூட்டில் கொஞ்சம் பாரத்தைக் குறைத்தால் என் பிள்ளைகள் பிழைக்கும்."

கருங்கழுத்தரின் கழுத்து புடைத்தது. "குறைப்பதா? என் தம்பி கூட்டிலிருந்து சுள்ளி எடுக்கச் சொல்கிறாயா? முதலில் உன் ஆட்கள் கூட்டில் எடுக்கச் சொல்!"

"அவர்களிடமும் கேட்டேன். 'முதலில் நீர்க்காகங்களை எடுக்கச் சொல்' என்றார்கள்."

"அப்படியானால் நீ வேறு இடம் பார்த்துக்கொள்!"

"எங்கே ஐயா பார்ப்பேன்? மேல்கிளை எல்லாம் இல்லாதவர்களுக்குக் கொடுத்தாயிற்று. இருக்கிறவர்களுக்குக் கீழ்க்கிளைதான் மிச்சம். குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு பறக்க எனக்கு என்ன கையா இருக்கிறது?"

தண்ணீரிலிருந்து பொறையன் தலையை நீட்டியது. "பார்த்தீரா கருங்கழுத்தரே! இன்று சுள்ளியை எடு என்பாள். நாளை பெயரையே எடு என்பாள். எதிரி எதிரிதான்."

"போ, போ!" என்று கருங்கழுத்தர் வெள்ளையம்மாளை விரட்டினார். பிறகு ஒரு பெரிய கருவேலங்கொப்பை இழுத்துவந்து மரகதத்தின் முன்னால் போட்டார். "கண்ணு, நாளைக்கு இதை வை. நாரைகள் கூட்டைவிட உன் அப்பா கூடு ஒரு முழம் உயர்ந்து நிற்க வேண்டும்!"

மரகதம் தன் சின்னச் சுள்ளியைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கொப்பைப் பார்த்தாள். அது அவளைவிட நீளமாக இருந்தது.

"அம்மா, அப்பா எப்படி இருப்பார்?" என்று கேட்டாள், பெரியப்பா போன பிறகு.

மையாள் சிரித்தாள். "பெரிய வாய்! 'இதோ விரால் கொண்டுவருகிறேன்' என்று மூழ்குவார். அயிரை மீனோடு வருவார். 'விரால் தூங்கிக்கொண்டிருந்தது, எழுப்ப மனம் வரவில்லை' என்பார்."

"கூடு நன்றாகக் கட்டுவாரா?"

"கூடா? உள்ளங்கை அளவு. நாலு சுள்ளியை வைத்துவிட்டு, 'போதும், முட்டைக்கு என்ன மாளிகையா வேண்டும்?' என்பார். நான் திட்டிக்கொண்டே இருப்பேன். இப்போது அந்தக் கூடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மேலே அவ்வளவு ஏற்றிவிட்டார்கள்."

மாலை வெயில் சாய்வதற்குள் மரகதம் நடு ஏரி மரத்துக்குப் பறந்தாள். கிளையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். வெள்ளையம்மாள் பொய் சொல்லவில்லை. பட்டை பிளந்து, உள்ளே வெள்ளை மரம் தெரிந்தது. விரிசலில் மரகதத்தின் அலகே நுழைந்தது.

கீழ்க்கிளையில் பொறையன் படுத்திருந்தது. மூன்று குஞ்சுகளும் இருந்த கூட்டுக்கு மிகவும் பக்கத்தில்.

"இங்கே என்ன செய்கிறீர்கள் மாமா?" என்று கேட்டாள் மரகதம்.

"நாளைக்கு நினைவு நாள் அல்லவா? துக்கத்தில் பங்கு கொள்ள முன்கூட்டியே வந்துவிட்டேன் அம்மா."

"துக்கத்துக்கு எதற்கு நாக்கை நீட்டுகிறீர்கள்?"

பொறையன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. "உனக்கு வாய்க்கொழுப்பு. ஆழியன் பெண் அல்லவா!"

மரகதம் திரும்பிப்போய் அம்மாவிடம் விரிசலைப் பற்றிச் சொன்னாள். மையாள் கருங்கழுத்தரிடம் சொன்னாள். "ஒரு கொப்பில் என்ன ஆகிவிடும்? சடங்கு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார் அவர்.

விடிந்தது. கிழக்குக் கரையில் நீர்க்காகங்கள் வரிசையாக அமர்ந்தன. மேற்குக் கரையில் நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. சூரியன் நீரைத் தொட்டதும் ஏரி அமைதியானது. மீன் துள்ளும் ஓசைகூடத் தனியாகக் கேட்டது.

நாரை வீட்டார் மூவர் போனார்கள். ஆளுக்கொரு மூங்கில் துண்டை வைத்து, மூன்று பெயர்களைச் சொன்னார்கள். நீர்க்காக வீட்டார் மூவர் போனார்கள். மூன்று கொப்புகளை வைத்து, மூன்று பெயர்களைச் சொன்னார்கள். கடைசியாக மரகதத்தின் முறை.

அவள் கருவேலங்கொப்பைத் தூக்கிக்கொண்டு தடுமாறிப் பறந்தாள். கூட்டின் மேல் இறங்கினாள்.

மடக்!

யாரும் பேசாத ஏரியில் அந்த ஓசை இரண்டு கரைக்கும் கேட்டது. கிளை ஒரு விரல் அளவு தாழ்ந்தது. கீழே வெள்ளையம்மாள் குஞ்சுகளின் மேல் இறக்கையை விரித்தாள். அவள் அலகைத் திறக்கவில்லை. ஆழியன் பெயர் இன்னும் சொல்லப்படவில்லை. கருங்கழுத்தரும் பேச முடியாது. நெடுங்காலரும் பேச முடியாது. மையாளும் பேச முடியாது. இதைச் செய் என்று மரகதத்துக்குச் சொல்ல ஏரியில் ஒருவரும் இல்லை.

ஒருவரைத் தவிர.

"வை! வை!" என்று கத்தியது பொறையன். அது பறவை அல்ல. சட்டம் அதற்கு இல்லை. "என்ன தயங்குகிறாய்? இன்னும் ஒரே ஒரு கொப்புதான்! வை சீக்கிரம்!"

இரண்டு கரையும் திரும்பிப் பார்த்தது. பொறையன் கீழ்க்கிளையில் வாயைப் பிளந்தபடி, மூன்று குஞ்சுகளுக்கு ஒரு சாண் தூரத்தில் காத்திருந்தது. விழப்போவது எது என்று அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பிறகுதான் எல்லோரும் தன்னைப் பார்ப்பதை அது உணர்ந்தது. வாயை மூடிக்கொண்டு, மெதுவாகப் பின்வாங்கி, தொப்பென்று நீரில் விழுந்து ஓடிப்போயிற்று.

மரகதம் கூட்டைத் தாண்டித் தலையை நீட்டி அலகைத் திறந்தாள். கருவேலங்கொப்பு ஏரியில் விழுந்தது.

பிறகு அவள் அப்பாவின் கூட்டிலிருந்து ஒரு சுள்ளியை உருவினாள். குஞ்சுகள் மேல் படாமல் ஏரியில் போட்டாள். இன்னொன்றை உருவினாள். அதையும் போட்டாள்.

கரையில் கருங்கழுத்தர் துள்ளினார். அலகைத் திறக்கப் போனார், மூடிக்கொண்டார். பெயர் சொல்லும்வரை யாரும் பேசக் கூடாது. சட்டம் போட்டதே அவர்தான்.

மரகதம் ஒவ்வொன்றாக எடுத்தாள். மூன்றாம் ஆண்டுக் கொப்புகள் போயின. இரண்டாம் ஆண்டுச் சுள்ளிகள் போயின. சூரியன் ஒரு பனை உயரம் ஏறிவிட்டது. கிளை மெல்ல மெல்ல மேலே எழுந்தது. முதல் ஆண்டு அம்மா வைத்த ஒற்றைச் சுள்ளியும் அதன் அடியில் உள்ளங்கை அளவு ஒரு சின்னக் கூடும் தெரிந்தன. நாலு சுள்ளி. கோணல் மாணலாக. அத்தோடு அவள் நிறுத்தினாள்.

"ஆழியன்!" என்றாள்.

ஏரி வெடித்தது.

"சுள்ளியை எடுத்துவிட்டாள்!" "சட்டத்தை மீறிவிட்டாள்!" என்று கிழக்குக் கரை கூவியது. மேற்குக் கரையில் ஓர் இளம் நாரை, "எங்கள் கூடுதான் உயரம்! நாங்கள் ஜெயித்தோம்!" என்று குதித்தது.

வெள்ளையம்மாள் கரைக்குப் பறந்துபோய் அதன் தலையில் ஒரு கொத்துக் கொத்தினாள். "எதைடா ஜெயித்தாய்? அந்தக் கொப்பு விழுந்திருந்தால் நாளைக்கு எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது கூட்டுக்குச் சுள்ளி பொறுக்கப் போயிருப்பாய்!"

கருங்கழுத்தர் மரத்துக்குப் பறந்துவந்தார். "சட்டம் தெரியுமா உனக்கு?"

"தெரியும் பெரியப்பா."

"தெரிந்துமா உன் அப்பாவின் நினைவைக் கலைத்தாய்?"

பதில் மையாளிடமிருந்து வந்தது. அவள் மகளுக்குப் பக்கத்தில் வந்து இறங்கியிருந்தாள். "இதுதான் மச்சான் அவர் கட்டிய கூடு. இத்தனை நாளுக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். மேலே இருந்ததெல்லாம் உங்கள் கூடு."

கருங்கழுத்தர் திகைத்தார். "நான் என் தம்பிக்காகத்தான்..."

"தெரியும். இரண்டு வருஷமாகச் சுள்ளி சுமக்கிறீர்கள். அன்றைக்குக் கரையிலிருந்து இந்த மரத்துக்கு ஒரே ஒரு சேதியைச் சுமந்திருந்தால் போதும்."

இதைக் கேட்டு மேற்குக் கரையில் நெடுங்காலரும் தலையைக் குனிந்துகொண்டார்.

கருங்கழுத்தர் அந்த நாலு சுள்ளியைக் குனிந்து பார்த்தார். அவர் குரல் இறங்கியது. ஆனால் கூட்டம் முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் என்றால் சட்டத்தை விட முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

"சரி. ஒன்று செய்" என்றார். "தண்ணீரில் மிதக்கிற சுள்ளிகளில் ஒன்றே ஒன்றை எடுத்து உன் அப்பா கூட்டில் திரும்ப வை. கிளை தாங்கும். எடுத்ததை வைத்துவிட்டாள், நாரைகளுக்காகச் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டாள் என்று நான் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். வைத்தால் ஏரியில் இருக்கலாம். வைக்காவிட்டால் மாலைக்குள் போக வேண்டும்."

"பெரிய சுள்ளி வேண்டாமா பெரியப்பா?"

"சின்னது போதும் அம்மா. மிகச் சின்னது போதும்." அவர் கெஞ்சுவதுபோல் இருந்தது.

மரகதம் அம்மாவைப் பார்த்தாள்.

"என்னைப் பார்க்காதே" என்றாள் மையாள். "நீ இருந்தால் நானும் இருக்கிறேன். நீ போனால் நானும் வருகிறேன். இதற்குமேல் என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை."

மரகதம் நீரில் குதித்தாள். மிதந்த சுள்ளிகளில் சின்னதாக ஒன்றைக் கவ்வினாள். எல்லாக் கண்களும் ஆழியனின் கூட்டைப் பார்த்தன.

அவள் அங்கே போகவில்லை. கீழ்க்கிளைக்குப் போய், வெள்ளையம்மாளின் மூன்று குஞ்சுகளுக்குப் பக்கத்தில் அந்தச் சுள்ளியைச் செருகினாள். பிறகு கரைக்கு வந்து, நெடுந்தூரம் பறக்க வேண்டியிருந்ததால், ஈர இறக்கைகளை விரித்து வெயிலில் காயவைத்தாள்.

இறந்தவர்களை மறக்காமல் இருப்பது கடமை. அந்த நினைவின் பாரம் உயிரோடு இருப்பவர்கள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வதும் அதே அளவு கடமை.